மூன்றாம் வரிசையின் மூச்சு

மூன்றாம் வரிசையில் எல்லா வீடுகளும் ஒரே அளவாக மூச்சு விடுகின்றன என்று நடுவர் சொன்னபோது நான் உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நிலாவில் உப்புமா என்றால் யாரும் பொறாமைப்பட வேண்டாம். பூமியிலிருந்து ரவை வரும், எண்ணெய் வரும், கடுகு மட்டும் வராது. கடுகு உருண்டோடி இயந்திர இடுக்குகளில் புகுந்துவிடும் என்று கப்பல்காரர்களுக்குப் பயம். ஆறு வருடமாகக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்விட்டேன். தாளிக்காத உப்புமாவைத் தின்பவளுக்கு எப்படிப்பட்ட மனநிலை இருக்குமோ அப்படிப்பட்ட மனநிலையில்தான் நான் அன்று இருந்தேன்.

"ஒரே அளவுன்னா?" என்றேன்.

"பன்னிரண்டு வீடுகள். ஒரு வீட்டுக்கும் மறு வீட்டுக்கும் மயிரிழை வித்தியாசம். தாங்கள் உண்டு முடித்தபின் படத்தைக் காண்பிக்கிறேன்."

"இப்பவே காட்டு. உப்புமா எங்கயும் ஓடிராது."

நடுவர் ஆள் இல்லை. நிலாவின் தென்முனைக் குடியிருப்பில் காற்றைக் கண்காணிக்கும் கணினி. அதற்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள் பட்டிமன்றப் பிரியர்களாக இருந்திருக்க வேண்டும். கொட்டாவி விடும் நேரத்தில்கூடச் செந்தமிழில்தான் பேசும்.

எங்கள் குடியிருப்பு தரைக்கு அடியில் இருக்கிறது. நீளமான சுரங்கங்கள், அவற்றுக்கு வரிசை என்று பெயர். ஒவ்வொரு வரிசையிலும் நடுவே ஒரு நடை, இருபுறமும் வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் கனத்த இரும்புக் கதவு. அந்தக் கதவு எப்போதும் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. ஏதாவது கல் விழுந்து ஒரு வீடு பொத்துக்கொண்டால், போகிற காற்று அந்த வீட்டோடு போகட்டும், பக்கத்து வீடாவது பிழைக்கட்டும் என்ற ஏற்பாடு. ஒவ்வொரு வீட்டிலும் சொந்தமாக ஒரு காற்று இயந்திரம் உண்டு. வீட்டில் பிராணவாயு குறையக் குறைய அது ஊற்றும். எவ்வளவு ஊற்றியது என்று பக்கத்தில் ஒரு மானி குறித்துக்கொண்டே இருக்கும்.

நான் மங்கையர்க்கரசி, காற்று வாரியத்தில் புள்ளியியல் ஆய்வாளர். அந்த மானிகள் சொல்வதை நம்பலாமா கூடாதா என்று பார்ப்பது என் வேலை. பார்ப்பதற்கு என்னிடம் ஒரே ஒரு கருவிதான் இருக்கிறது. ஒரு மணி.

கோயில் மணியை நெடுக்குவாட்டில் வெட்டினால் என்ன கோடு கிடைக்குமோ அந்தக் கோடு. நூறு வீடுகள் குடிக்கும் காற்றை அளந்து வரிசைப்படுத்தினால் பெரும்பாலான வீடுகள் நடுவில் வந்து குவியும். கொஞ்சம் கூடுதலாகக் குடிப்பவை ஒரு பக்கம் சரியும், கொஞ்சம் குறைவாகக் குடிப்பவை மறுபக்கம் சரியும். இரண்டு ஓரத்திலும் ஒன்றிரண்டு பேர் தனியாக நிற்பார்கள். பாடப் புத்தகத்தில் இதற்கு இயல்நிலைப் பரவல் என்று பெயர். எத்தனையோ பேர் யாரையும் கேட்காமல் தம்பாட்டில் மூச்சு விட, எல்லாம் சேர்ந்து இப்படி ஓர் அழகான உருவம் எடுக்கிறதே என்று எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். கட்டிக்கொண்ட மனிதரோடு வாழ்ந்ததைவிட அந்தக் கோட்டோடு நான் அதிக காலம் வாழ்ந்திருக்கிறேன். சண்டையும் குறைவு.

நடுவர் மாதா மாதம் செய்யும் சோதனையும் அந்த மணியை நம்பித்தான். யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை என்று முதலில் வைத்துக்கொள்ளும். அதற்கு இன்மைக் கருதுகோள் என்று பெயர். நான் அதை நல்லெண்ணம் என்று சொல்வேன். நடுவருக்கு அந்தச் சொல் பிடிக்காது. கலைச்சொல் அல்ல என்று திருத்தும். பிறகு, யாரும் தப்பு செய்யவில்லை என்றால் இப்படிப்பட்ட அளவுகள் தானாக வருவதற்கு எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடும். வாய்ப்பு மிகவும் குறைவென்றால் நல்லெண்ணத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்காரர் பாடு திண்டாட்டம்தான்.

இதுவரை வீடு வீடாகத்தான் சோதித்துவந்தோம். அப்படிப் பார்த்தால் மூன்றாம் வரிசையில் எந்தக் குறையும் இல்லை. எல்லா வீடும் நடுவில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. போன மாதம்தான் வரிசை வரிசையாகவும் பார் என்று நடுவருக்குச் சொன்னோம். பார்த்தது. எனக்குப் படத்தைக் காட்டியது.

மற்ற வரிசைகள் எல்லாம் மணி மணியாக இருந்தன. மூன்றாம் வரிசை மட்டும் ஊசியாக நின்றது.

வாரியத் தலைவர் எதிராஜன் அரைமணி நேரத்தில் கூப்பிட்டுவிட்டார். நல்ல மனிதர், ஆனால் எதையும் ஒரே மூச்சில் முடிவு செய்கிறவர்.

"இதுல யோசிக்க என்ன மேடம் இருக்கு? ரெண்டு பேர் இருக்கிற வீடும் அஞ்சு பேர் இருக்கிற வீடும் ஒரே அளவா காத்து குடிக்குமா? மானியில கை வச்சிருக்காங்க. எங்கயோ கசியுது, அதை மறைக்க எல்லாத்துலயும் ஒரே எண்ணைப் போட்டு விட்டுட்டாங்க."

"இருக்கலாம் சார். ஆனா போய்ப் பாக்காம..."

"போய்ப் பாருங்க. ஒரு வாரம் தங்குங்க. அப்புறம் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. விதி தெளிவா இருக்கு. மானியில கை வச்சா வரிசையைக் கலைச்சிர வேண்டியதுதான். ஆளுக்கொரு வரிசையில பிரிச்சுப் போட்டுரலாம்."

*

மூன்றாம் வரிசையில் இருப்பவர்கள் பனி வெட்டுகிறவர்கள். சூரியன் எட்டாத பள்ளங்களில் இறங்கி, கோடிக்கணக்கான வருடப் பழைய பனியை வெட்டிக்கொண்டு வந்து போடுவார்கள். நாங்கள் குடிக்கும் தண்ணீரும் விடும் மூச்சும் அதிலிருந்துதான். முக்கால்வாசிப் பேர் விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம்.

ஜெயக்கொடி என்ற பெண்தான் என்னை வரவேற்றாள். முப்பது வயதிருக்கும். துளை இயந்திரம் ஓட்டுகிறவள். வரிசையின் பொறுப்பு இந்த வருடம் அவளிடம். இடுப்பில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தை.

"வாங்க மேடம். கடைசி ரூமைத் தொடச்சு வச்சிருக்கோம். இவ பேரு பூமிகா."

"நிலாவுல பொறந்த பிள்ளைக்கு பூமிகாவா?"

"அங்க இருக்கிறவங்க நிலாவைக் காட்டித்தான மேடம் சோறு ஊட்டுறாங்க? நாங்க பூமியைக் காட்டி ஊட்டுறோம்."

எனக்கு அவளை உடனே பிடித்துப்போனது. விசாரணைக்குப் போன இடத்தில் அது நல்லதில்லை.

நடையில் எல்லாக் கதவுகளும் விதிப்படி மூடியிருந்தன. ஒரு சத்தம் கிடையாது. மானிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். முத்திரை உடையவில்லை, திருகாணியில் கீறல் இல்லை, குழாய்களில் கசிவு இல்லை. ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. தேநீர் கொடுத்தார்கள், நான் போனதும் கதவைக் கவனமாகச் சாத்திக்கொண்டார்கள். அந்தக் கவனம்தான் எனக்கு என்னவோபோல் இருந்தது. விருந்தாளி வரும்போது பிள்ளைகளுக்குச் சட்டை மாட்டிவிடுவார்களே, அந்த மாதிரி.

மூன்று வேளையும் யாராவது ஒருவர் சாப்பாடு கொண்டுவந்தார்கள். முதல் நாள் மதியம் வந்தவர் மீரான். வெல்டிங் வேலை பார்க்கிறவர், நாற்பது வயது, எல்லோருக்கும் மீரான் பாய். கையில் கருவாட்டுக் குழம்போடு நேராக நடந்துவந்து மூடியிருந்த என் கதவில் 'ணங்'கென்று முட்டிக்கொண்டார். திறந்து பார்த்தால் நெற்றியைத் தேய்த்தபடி நின்றார். இங்கே எல்லாம் மெதுவாக விழும் என்பதால் குழம்பு தப்பித்தது.

"கதவு இருக்கிறதை மறந்துட்டேன் மேடம், மன்னிச்சுக்கோங்க."

கதவு இருப்பதை மறக்கிற மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன். மறுநாள் சாப்பாடு கொண்டுவந்த அம்மாளோ கதவைத் தட்டினாள், அதாவது குத்தினாள். ஏதோ பூகம்பம் என்று நான் எழுந்து ஓடினேன். இவர்களுக்குக் கதவு தட்டவே தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு சரி, மேலே யோசிக்கவில்லை.

குழந்தை பூமிகாதான் என்னை மிகவும் சங்கடப்படுத்தினாள். சாயங்காலமானால் நடைக்கு வருவாள். ஒரு கதவு முன்னால் போய் நிற்பாள். அண்ணாந்து பார்ப்பாள். கையால் தட்டுவாள். அப்புறம் அடுத்த கதவு. அப்புறம் ஒரே அழுகை. பசிக்கிற அழுகையோ வலிக்கிற அழுகையோ இல்லை. தெரிந்த ஊர் திடீரென்று காணாமல் போனால் வருகிற அழுகை. ஜெயக்கொடி ஓடிவந்து தூக்கிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி செய்து, உள்ளே போய்விடுவாள்.

வாரம் முடிந்தது. நடுவர் அழைத்தது.

"தாங்கள் அங்கு தங்கியிருந்த நாட்களின் அளவுகள் கிடைத்துவிட்டன. பார்க்கிறீர்களா?"

பார்த்தேன். மணி. ஒரு குறையும் சொல்ல முடியாத, பாடப் புத்தகத்தில் போடத்தக்க மணி.

"ஆய்வாளர் உள்ளே நுழைந்ததும் அளவுகள் இயல்பாகிவிட்டன" என்றது நடுவர். "இதற்கு முன் இயல்பாக இல்லை. இன்மைக் கருதுகோளைக் கைவிட இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை."

எதிராஜன் அதைவிடச் சந்தோஷமாக இருந்தார். "பாத்தீங்களா? நீங்க போனதும் கையை எடுத்துட்டாங்க. குட்டு வெளிப்பட்டுருச்சு. நாளைக்குக் கையெழுத்து."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஒரு வாரமாக அந்த மனிதர்களின் சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறேன். பொய் சொல்கிறவர்கள் இவ்வளவு நல்ல குழம்பு வைக்கக்கூடாது என்று ஒரு விதி இருந்தால் தேவலை என்று தோன்றியது.

*

கையெழுத்துப் போடுமுன் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று ஜெயக்கொடி வீட்டுக்குப் போனேன். மீரானும் அங்கே இருந்தார். பூமிகா தரையில் விளையாடிக்கொண்டிருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியையும் மணியையும் கையாலேயே வரைந்து காட்டினேன்.

"மானியை நாங்க தொட்டதே இல்ல மேடம்" என்றாள் ஜெயக்கொடி. "சத்தியமா இல்ல."

"அப்போ எப்படிம்மா? அஞ்சு பேரும் ரெண்டு பேரும் ஒரே அளவா எப்படி மூச்சு விட முடியும்? நான் வந்ததும் எப்படி மாறிச்சு?"

அவளும் மீரானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்த ஒன்று மானி இல்லை என்றும் தோன்றியது. மானியைப் பற்றிக் கேட்டபோது அவர்கள் கண்ணில் திகைப்புதான் இருந்தது, பயம் இல்லை.

"வரிசையைக் கலைச்சுருவாங்களா மேடம்?"

"ஆமா."

அவள் குழந்தையைப் பார்த்தாள்.

"நானும் எங்க வீட்டுக்காரரும் மாத்தி மாத்தி ஷிப்டு மேடம். பாதி நாள் ரெண்டு பேருமே பள்ளத்துல கெடப்போம். இவளுக்கு சோறு ஊட்டுறது எதிர்வீட்டு மதினி. குளிப்பாட்டுறது அடுத்த வீட்டுல. தூங்குறது பாய் வீட்டுல, அவர் முதுகு மேலதான் தூங்குவா. எங்களைத் தனியா பிரிச்சுப் போட்டா ரெண்டு பேருல ஒருத்தர் வேலையை விடணும். வேலை பாக்காதவங்க இங்க இருக்க முடியாது, அடுத்த கப்பல்ல எறக்கி விட்டுருவாங்க. இவளையும் கூட்டிட்டுப் போக முடியாது. இங்க பொறந்த பிள்ளை, எலும்பு எல்லாம் இங்கத்த எலும்பு. இன்னும் சில வருசத்துக்கு பூமியோட கனத்தைத் தாங்க மாட்டான்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்போ நான் பிள்ளையை விட்டுட்டுப் போறதா, அவர் போறதா? சொல்லுங்க மேடம்."

எனக்கு அழுகை வந்தது. ஆய்வாளர் அழக்கூடாது என்பதால் சுவரில் இருந்த மானியைப் பார்த்தபடி நின்றேன்.

அப்போதுதான் பூமிகா எழுந்தாள். வாசலோரம் கிடந்த ரப்பர் செருப்புகளில் ஒன்றை எடுத்தாள். இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு தத்தித் தத்திக் கதவிடம் போனாள். குனிந்து, மூடியிருந்த கதவுக்கும் நிலைக்கும் நடுவே இல்லாத இடைவெளியில் அந்தச் செருப்பைத் திணிக்கப் பார்த்தாள். போகவில்லை. மறுபடி திணித்தாள். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்தாள். இந்த எளிய காரியம்கூட உங்களுக்குத் தெரியாதா என்ற பார்வை.

ஜெயக்கொடியின் முகத்தில் ஈயாடவில்லை. மீரான் தலையைக் குனிந்துகொண்டார்.

நான் போய்க் குழந்தையிடமிருந்து செருப்பை வாங்கிப் பார்த்தேன். இடது கால் செருப்பு. நட்டநடுவில் நசுங்கிப் பள்ளம் விழுந்திருந்தது. ஜோடியில் மற்றது நன்றாக இருந்தது. ஒரு வாரமாக வீடு வீடாகப் போய் வந்தபோது ஒவ்வொரு வாசலிலும் இப்படி ஒரு நசுங்கிய செருப்பைப் பார்த்திருக்கிறேன். பனி வெட்டுகிறவர்கள் காலை ஒரு மாதிரி வைத்து நடப்பார்கள் போலிருக்கிறது என்று நானாக ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். படித்த மூளை சும்மா இருக்காது.

"எத்தனை வீடு?" என்று கேட்டேன்.

"எல்லா வீடும் மேடம்" என்றார் மீரான்.

"எவ்வளவு நேரம் திறந்திருக்கும்?"

"மூடுறதே இல்ல."

பிறகு அவரே சொன்னார். வந்த புதிதில் எல்லோரும் விதிப்படிதான் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்களாம். ஒரு நாள் அவர் வீட்டுக் காற்று இயந்திரம் நின்றுவிட்டது. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். அபாய மணி அடித்திருக்கிறது, ஆனால் வீட்டுக்குள்ளேயேதான் அடித்திருக்கிறது. கேட்க வேண்டியவர் மயங்கிக் கிடந்தார்.

"ஜெயக்கொடி சட்டியைத் திருப்பிக் குடுக்க வந்துச்சு. அதனால பொழச்சேன். கல்லு விழுந்தா கதவு காப்பாத்தும், சரி மேடம். அன்னைக்கு கல்லு விழலியே. கதவுதான் என்னைக் கொல்லப் பாத்துச்சு. அதுக்கப்புறம் இந்த வரிசையில யாரும் சாத்துறதில்ல."

"கல்லு விழுந்தா?"

"அதையும் யோசிச்சோம். காத்து இறங்குனா இந்தக் கதவு தானா அடிச்சு மூடிக்கும். அதனாலதான் கட்டையோ இரும்போ வைக்கல. செருப்புன்னா வெட்டிட்டுப் போயிரும்." அவர் எழுந்து போய் தன் வீட்டிலிருந்து ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். சரிபாதியாக வெட்டுப்பட்ட ரப்பர் செருப்பு. "ஒரு தடவை சோதிச்சுப் பாத்தோம். எம் பொண்டாட்டி செருப்பு. இன்னைக்கு வரைக்கும் சொல்லிக்காட்டுறா."

"வாரியத்துல இருந்து ஆள் வர்றாங்கன்னதும் மூடிட்டோம் மேடம்" என்றாள் ஜெயக்கொடி. "கதவைத் திறந்து வச்சது தப்புதான். ஆனா அதுக்கும் மானிக்கும் என்ன சம்பந்தம்?"

நான் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. குழந்தையும் சேர்ந்து சிரித்தது. மற்ற இருவரும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

"ஒரே சட்டிக் குழம்புல பன்னெண்டு கரண்டி விட்டு எடுத்து, அட, பன்னெண்டுலயும் உப்பு ஒரே மாதிரி இருக்கேன்னு ஒருத்தன் ஆச்சரியப்பட்டா என்ன சொல்வீங்க?"

"லூசுன்னு சொல்வோம்."

"அந்த லூசு நாங்கதான். கதவெல்லாம் திறந்திருந்தா வரிசை முழுக்க ஒரே காத்து. பன்னெண்டு இயந்திரமும் அந்த ஒரே காத்தைப் பாத்துத்தான் ஊத்துது. எல்லாம் ஒரே அளவாத்தான் ஊத்தும். நான் வந்தேன், நீங்க மூடுனீங்க, வீட்டுக்கு வீடு மாறிப்போச்சு. போங்க, போய்க் கதவைத் திறங்க. எல்லாரையும் திறக்கச் சொல்லுங்க."

ஜெயக்கொடி நடையில் ஓடினாள். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஓர் இடது கால் செருப்பு வந்து உட்கார்ந்தது. ஒரு வாரமாக நான் கேட்காத சத்தமெல்லாம் கேட்டது. யாரோ யாரையோ அதட்டினார்கள், ஒரு வீட்டில் எண்ணெய் பொரிந்தது, மூன்று வீடு தள்ளியிருந்தவர் அதற்கு விமர்சனம் சொன்னார். பூமிகா ஒரு வாசலில் நுழைந்து அடுத்த வாசலில் வெளியே வந்து, ஒரு வீட்டையும் விடாமல் போய்க்கொண்டே இருந்தாள்.

*

மறுநாள் மூன்றாம் வரிசை மறுபடி ஊசியானது. நான் நடுவரை அழைத்தேன்.

"நடுவரே, உன் சோதனைக்கு முதல் நிபந்தனை என்ன?"

"அளவுகள் ஒன்றையொன்று சாராதிருத்தல்."

"மூணாம் வரிசையில அது இருக்கா?"

"வீட்டுக் கதவுகள் மூடியிருக்கின்றன என்று எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது."

"யார் சொன்னது?"

"விதி."

"விதி சொன்னா ஆச்சா? அங்க கதவு திறந்துதான் கெடக்கு. பன்னெண்டு வீட்டுக்கும் ஒரே காத்து. நீ பன்னெண்டு அளவு பாக்கல, ஒரே அளவைப் பன்னெண்டு தடவை பாத்திருக்க. இப்போ சொல்லு. ஒரே ஒரு அளவை வச்சுக்கிட்டு வித்தியாசம் பாக்க முடியுமா?"

"வித்தியாசம் பார்க்கக் குறைந்தது இரண்டு வேண்டும்."

"அப்போ உன் தீர்ப்பு?"

நடுவர் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளும் இயந்திரம் இல்லை. ஆனால் அன்று எடுத்துக்கொண்டது, அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

"தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நல்லெண்ணம் தொடர்கிறது" என்றது.

இத்தனை வருடத்தில் அது என் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் முறை. கணினியைக் கட்டிப்பிடிக்க முடியாது என்பது ஒரு குறைதான்.

எதிராஜன் லேசில் மசியவில்லை. மானி விஷயம் போனால் போகிறது, கதவைத் திறந்து வைப்பது அதைவிடப் பெரிய குற்றமாயிற்றே என்றார். நான் மீரானின் மனைவியுடைய செருப்பின் இரண்டு பாதிகளையும் அவர் மேஜைமேல் வைத்தேன். அவர் அவற்றை வெகுநேரம் பார்த்தார். பிறகு பொறியாளர்களைக் கூப்பிட்டு, காலியான ஒரு வீட்டில் செருப்பு வைத்து, காற்றை இறக்கச் சொன்னார். கதவு அடித்து மூடியது. செருப்பு இரண்டானது. திரும்பத் திரும்பச் செய்தார்கள், செருப்புத்தான் தீர்ந்தது.

"சரி, திறந்து வைக்கலாம். ஆனா செருப்பு வேண்டாம்" என்றார் எதிராஜன். "வாரியத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. ரப்பர்ல ஒரு துண்டு செஞ்சு நாமளே குடுத்துருவோம். அபாய மணியும் இனி நடையில சேத்து அடிக்கட்டும்."

பொறியாளர்கள் எத்தனையோ வடிவங்களை வைத்துப் பார்த்தார்கள். கடைசியில் தேறியது ஏறக்குறைய ஓர் இடது கால் செருப்பின் வடிவம்தான். மூன்றாம் வரிசைக்காரர்கள் அதை வாங்கிப் பத்திரமாக உள்ளே வைத்துவிட்டுப் பழையபடி செருப்பையே வைக்கிறார்கள் என்று கேள்வி. நான் விசாரிக்கவில்லை.

வாரியப் பதிவில் இப்போது மூன்றாம் வரிசையில் ஒரே ஒரு வீடுதான் இருக்கிறது. அந்த வீட்டில் நாற்பத்து மூன்று பேர். மானிகள் பன்னிரண்டையும் கூட்டிப் பார்த்தால் நாற்பத்து மூன்று பேர் எவ்வளவு குடிக்க வேண்டுமோ அவ்வளவு சரியாக இருக்கிறது. பூமிகா மீரான் முதுகின்மேல்தான் தூங்குகிறாள். இப்போதெல்லாம் என்னை அக்கா என்று கூப்பிடும் ஜெயக்கொடி, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரவில்லையென்றால் கோபித்துக்கொள்கிறாள்.

நான் இருப்பது முதல் வரிசை. தனி ஆட்களுக்கான வரிசை. எங்கள் மணியின் இடது ஓரத்தில் ஒற்றையாக நிற்கும் புள்ளி நான்தான். மூச்சைக்கூடக் கஞ்சத்தனமாக விடுகிறவள் என்று நானே என்னைக் கிண்டல் செய்துகொள்வதுண்டு. எதிர்வீட்டில் சபேசன் என்று ஒருவர், நிலா மண்ணில் பயிர் வளர்க்கும் ஆராய்ச்சிக்காரர். கதவில் ஒட்டியிருந்த பெயரையும் வேலையையும் தவிர அவரைப்பற்றி எனக்கு வேறெதுவும் தெரியாது. ஆறு வருடத்தில் நாங்கள் பேசியதெல்லாம் கையளவுதான்.

மூன்றாம் வரிசையிலிருந்து திரும்பிய சில வாரங்களுக்குப் பிறகு ஒரு காலையில் வாசலில் நின்று ரொம்ப நேரம் யோசித்தேன். அப்புறம் என் இடது கால் செருப்பைக் கழற்றி வைத்தேன். கூச்சமாகத்தான் இருந்தது. இரண்டு நாள் எதிர்க்கதவு மூடியேதான் இருந்தது. மூன்றாம் நாள் திறந்தது. அங்கேயும் ஒரு செருப்பு.

போன மாதம் நடுவர் அழைத்தது.

"முதல் வரிசையில் இரண்டு வீடுகளின் அளவுகள் ஒன்றுபோல் ஆகியிருக்கின்றன. ஒன்று தங்களுடையது. ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துவிட்டீர்கள். மற்றது எதிர்வீட்டுச் சபேசனுடையது. இது தற்செயலாக நிகழ வாய்ப்பு மிகக் குறைவு. விசாரிக்கட்டுமா?"

"வேண்டாம். தற்செயல் இல்லதான்."

"காரணத்தைக் குறித்துக்கொள்ளலாமா?"

அப்போது எதிர்வீட்டிலிருந்து ஒரு சத்தம் வந்தது. படபடவென்று பொரிகிற சத்தம். அதன் பின்னாலேயே வாசனை. ஆறு வருடமாக நான் கப்பல்காரர்களிடம் கெஞ்சிய வாசனை. எழுந்து நடையைத் தாண்டி எட்டிப் பார்த்தேன். அவருடைய ஜன்னலில்லாத சமையலறையில், விளக்குக்கு அடியில், தட்டுத் தட்டாகக் கடுகுச் செடிகள் மஞ்சளாகப் பூத்திருந்தன. ஆராய்ச்சியாம். வந்த முதல் வருடத்திலிருந்தே செய்கிறாராம்.

"உப்புமா பண்றேன். சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார் சபேசன், கரண்டியோடு திரும்பி.

"ஆறு வருசமா ஏன் சொல்லவே இல்ல?" என்று கேட்டேன். எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

"நீங்க கதவைச் சாத்தியிருந்தீங்களே."

நடுவர் இன்னும் காத்துக்கொண்டிருந்தது. "கடுகுன்னு குறிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு நான் சாப்பிட உட்கார்ந்தேன்.